மூன்றாவது பொத்தான்

ஐரி ஹொன்கலா பத்தொன்பது வருடம் பின்லாந்தின் தம்பேரே நகரப் பேருந்துகளின் கால அட்டவணையை வடிவமைத்தவள். தன் அட்டவணையைப் பார்த்து யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்பாள். நான் இரண்டு முறை தவறவிட்டிருக்கிறேன், சொன்னதில்லை.

ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சமூக வலைத்தளம் கட்டினோம். நடுவில் கம்பெனி கிடையாது. ஒவ்வொரு குழுவுக்கும் சொந்த சர்வர். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். 'இவரை உங்களுக்குத் தெரியுமா' என்று எவரையும் நம் தலையில் கட்டாது. அதனால் நண்பரைச் சேர்க்க ஒரே வழி அழைப்பு அனுப்புவதுதான். அதை வடிவமைக்கும் வேலை ஐரியிடம் வந்தது.

மூன்று பொத்தான் வைத்தாள். நாம் அழைக்க ஒன்று. அவர் ஏற்க ஒன்று. அவர் ஏற்றபின், 'இன்னமும் சம்மதம்தானா?' என்று நம்மிடமே கேட்க மூன்றாவது. அதையும் அழுத்தினால்தான் நட்பு உறுதியாகும். ஆனால் அதற்கு மணியோசை இல்லை. திரையின் ஒரு மூலையில் சத்தமில்லாமல் காத்திருக்கும்.

"அவசரத்துல கூப்பிட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறவங்க இருப்பாங்கல்ல? அதுக்காக ஃபோனை அலறவிடுறது நாகரிகமில்ல," என்றாள்.

நாங்கள் பரம திருப்தியாகத் தலையாட்டினோம். படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் போகும்வரை காலணியை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிற ஜனம் நாங்கள். வேறென்ன செய்வோம்?

முதல் அழைப்பை ஐரி தன் அக்கா ஹில்க்காவுக்கு அனுப்பினாள். அம்மாவின் ஏரிக்கரை வீட்டை விற்ற சண்டையில் ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

"ஃபோன் பண்ணலாமே," என்றேன்.

"பண்ணா எடுக்கணுமேன்னு அவளுக்குச் சங்கடம். இதுல, வேணாம்னா பேசாம விட்டுடலாம்."

இந்த ஒரு அழைப்புக்காகத்தான் அந்த வேலையையே ஏற்றாளோ என்று எனக்குச் சந்தேகம். ஒன்பது நாளாகியும் ஹில்க்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஐரி காப்பி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

பத்தாம் நாள், சோதித்துப் பார்த்த நாற்பது பேரை நூலகத்தில் கூட்டினோம். அதுவரை ஒருவர்கூட இன்னொருவருக்கு நண்பராகவில்லை.

"ஒய்லிக்கு அனுப்பினேன். அவங்களுக்கு விருப்பமில்ல போல. பரவால்ல," என்றார் அவர்களில் ஒருவரான தௌனோ.

ஒய்லி அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். "நான் அன்னிக்கே ஏத்துக்கிட்டேனே. 'காத்திருக்கவும்'னு வந்துச்சு. நீங்கதான் மனசு மாறிட்டீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே?"

"நீங்க கேட்டிருக்கலாமே?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாற்பது பேரும் கதவுக்குப் பின்னால் காலணியோடு நின்றிருக்கிறார்கள். "ஐரி, உன்னோட மூலையைத் திறந்து பாரு," என்றேன்.

திறந்தாள். ஹில்க்கா ஏற்றுக்கொண்டிருந்தாள். அழைப்பு போன நாலாவது நிமிடமே.

"நான் செஞ்ச அட்டவணை, பஸ்ஸை நானே விட்டுட்டேன்," என்றாள் ஐரி. மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். உடனே ஒரு வரி வந்தது: "பத்து நாளா பாத்துட்டே இருக்கேன். உனக்குத் தொந்தரவா இருக்குமோன்னு ஃபோன் பண்ணல."

ஐரி பதில் எழுதவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அக்காவின் எண்ணை அழுத்தினாள். முதல் மணி முடியும் முன்பே மறுமுனையில் ஹில்க்கா எடுத்துவிட்டாள்.