தம்பி தேர்ந்தெடுத்த மடக்குக் கத்தி

கத்தியைக் காதருகே கொண்டுபோய் உள்ளங்கையால் தள்ளி மூடினான் என் தம்பி. ‘டக்’கென்று சத்தம் வந்தால் வலப்பக்கம் வைத்தான், மந்தமாக வந்தால் இடப்பக்கம். கடைக்காரர் ஒன்பது மடக்குக் கத்திகளைத் திறந்து திறந்து கொடுத்துவிட்டார்.

“தர்பூசணியத் தட்டிப் பாத்து வாங்குவாங்க. கத்தியக் காதால வாங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்றார் என்னிடம்.

தம்பி சிரிக்கவில்லை. ஒன்பதில் ஒன்றைக்கூட அவனாகத் திறக்கவுமில்லை. அது கடைக்காரருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சோபாவுக்குத் தோலும் துணியும் வெட்டுகிறவன். அதே பட்டறையில் அடுத்த மேசையில், அவன் வெட்டித் தருவதைத் தைக்கிறவள் நான். அவன் வெட்டிய தோலை எத்தனையோ முறை அளவு நாடா வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நூல்கூடப் பிசகியதில்லை. உடன்பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. பிசகியிருந்தால் முதலில் திட்டியிருப்பவள் நான்தான்.

கால்சட்டையின் வலது பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். நூல் அறுக்க, பென்சில் சீவ, அடுத்த வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரிக்க, ஆரஞ்சுத் தோலை ஒரே சுருளாக உரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். “அது பையில இல்லேன்னா இடுப்புல துணி இல்லாத மாதிரி இருக்குக்கா” என்பான். யாராவது கேட்டால் மூடித்தான் கொடுப்பான், மூடித்தான் திரும்ப வாங்குவான். திறந்தபடி நீட்டினால் வாங்காமல் நிற்பான். அவன் பையிலிருந்து எடுக்கும்போது யாராவது உதவிக்குக் கை நீட்டினால் போதும், “என் கத்திய நான்தான் தெறப்பேன்” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவான். பட்டறையில் அவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பட்டப்பெயர். கத்தியைத் தொட்டால் அப்படிக் கோபித்துக்கொள்வானாம்.

பழைய கத்தி இருபத்தேழு வருடம் உழைத்தது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. போன மாதம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே அது மடங்கி ஆள்காட்டி விரலைக் கடித்தது. நான்கு தையல். வெள்ளைத் தோல் ஒன்று ரத்தக் கறையால் வீணானது. தோல் வழுக்கியது என்று முதலாளியிடம் சொன்னான். முதலாளி அந்தத் தோலைச் சுருட்டி அவன் மேசைக்கு எதிரிலேயே நிறுத்திவைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தையல் பிரிக்கப் போன இடத்தில்தான் டாக்டர் அவன் வலது கட்டை விரலைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, போன பலம் திரும்பாது என்று சொல்லிவிட்டார். மற்ற விரல்களுக்குக் குறையில்லை. கத்தியைப் பிடித்துவிட்டால் வெட்டுவான். திறக்கத்தான் முடியாது. அலகின் ஓரத்தில் பிறை போல ஒரு பள்ளம் இருக்கிறதே, ஒரு கை பிடியை இறுக்க, இன்னொரு கை அதில் நகம் கொடுத்து இழுக்கவேண்டும். எந்தக் கையை மாற்றினாலும் இரண்டு கட்டை விரலும் வேண்டும். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, அவன் மனைவிக்கும்கூட. பட்டறையில் தெரிந்தால் மறுநாளே பஞ்சு அடைக்க அனுப்பிவிடுவார்கள்.

இடப்பக்கம் இருந்தவற்றில் ஒன்றை எடுத்தேன். நகம் பட்டதும் திறந்துகொண்டது. இதையே வாங்கலாமே என்றேன்.

“லேசாத் தெறக்குறது லேசா மூடவும் செய்யும். இன்னொரு விரலக் குடுக்கச் சொல்றியா?”

அலகு தானாக மடங்காதபடி பூட்டு வைத்த கத்தி இருக்கிறது என்றார் கடைக்காரர். அந்தப் பூட்டை விடுவிக்கவும் கட்டை விரல்தான் வேண்டும். அட்டை வெட்டும் கத்தியைத் தள்ளவும் அதுவேதான். உறையோடு இருக்கும் மடங்காத கத்தியை நான் காட்டினேன்.

“இத இடுப்புல சொருகிட்டு பஸ்ல ஏறினா, கண்டக்டர் டிக்கெட் குடுக்க மாட்டாரு, காசுப் பையத்தான் நீட்டுவாரு” என்றான். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தம்பி வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கடைசியில் எடுத்தது, வலப்பக்கம் இருந்தவற்றிலேயே மிக இறுக்கமானது. கரிய மரப்பிடி, என் நாடாவுக்கு மூன்றேகால் அங்குல அலகு. மூடும்போது பூட்டு விழுவதுபோல ஒலித்தது.

வெளியே வந்ததும், “எப்படிடா தெறப்ப?” என்று கேட்டேன். பஸ் வருகிறதா என்று பார்த்தான்.

திங்கட்கிழமை காலை முதலாளி மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். தம்பிக்கு முன்னால் புதுத் தோல் விரித்துக் கிடந்தது, சாக்கட்டியால் கோடும் போட்டாயிற்று. முதலாளி எங்களுக்கு முதுகு காட்டி அடுத்த வரிசையில் நின்ற நேரம், என் மடியில் கிடந்த துணிக்கடியில் ஏதோ வந்து இடித்தது. தொட்டுப் பார்த்தேன். மரப்பிடி. மூடியிருந்தது.

துணிக்குள்ளேயே பள்ளத்தைத் தேடி நகம் கொடுத்தேன். என் நகமும் ஒருமுறை வழுக்கியது. அடுத்த இழுப்பில் திறந்தது. பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினேன்.

திறந்த கத்தியை அவன் வாங்கிக்கொண்டான். முகம் மட்டும் ஜன்னல் பக்கம் இருந்தது.