மெஷினைக் கழுவியவன்

என் கொழுந்தன் விபத்து வக்கீல். கை போனவர்கள், கால் போனவர்கள், தலைமுடி பெல்ட்டில் சிக்கித் தோலோடு பிய்ந்தவர்கள் எல்லோரும் அவனைத் தேடித்தான் வருவார்கள். அவனோ ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், முதலில் மெஷினைப் பார்க்க ஓடுவான். "யாரும் துடைக்காதீங்க, கழுவாதீங்க" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு நுழைவான். அதற்காக ஒரு பட்டறையில் இரும்புக் குழாயால் அடித்து அவனுடைய நான்கு பற்களை உதிர்த்தார்கள். ரத்தம் வழிய வழியப் படம் எடுத்துவிட்டுத்தான் வந்தான். இது வக்கீல் தொழிலா, குஸ்தியா என்று திட்டித் தீர்த்தேன்.

அந்த வெறி எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் அவனும் தகடு அழுத்தும் பட்டறை ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். தடுப்புக் கதவை மூடினால்தான் மெஷின் இறங்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் மூடித் திறந்தால் எண்ணிக்கை வராது என்று, கதவின் சுவிட்சைக் கம்பியால் கட்டிவிடச் சொல்வார் சூப்பர்வைசர். ஒரு மதியம் மெஷின் இறங்கி என் வீட்டுக்காரரின் வலது கை மணிக்கட்டுவரை கூழானது. அவரைத் தூக்கிக்கொண்டு போனதும், பத்தொன்பது வயதுப் பயல் என்ன செய்தான்? கம்பி கட்டிய பழி அண்ணன்மேல் விழும் என்று பயந்து அதை வெட்டி எறிந்தான். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மெஷினையும் கழுவிவிட்டான். மெஷினில் குறையில்லை, ஆளுக்குத்தான் கவனமில்லை என்று எங்கள் வழக்கு தள்ளுபடியானது. கம்பியை வெட்டிக் கழுவியதெல்லாம் சூப்பர்வைசர் வேலை என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் சட்டம் படித்து முடித்த அன்று என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதான். அதை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை.

போன வருடம் அதே பட்டறையில் ஒரு பெண்ணுக்கு நான்கு விரல்கள் துண்டாயின. கொழுந்தன்தான் வழக்கை எடுத்தான். கம்பி கட்டும் பழக்கமே எங்களிடம் இல்லை என்று முதலாளி தரப்பு சாதித்தது. வேலைக்குப் பயந்து ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை.

"அண்ணி, நானே கூண்டுல ஏறப்போறேன். எல்லாத்தையும் சொன்னா அண்ணன் என் மூஞ்சியில முழிக்கமாட்டாரு."

"அந்தப் பொண்ணுக்கு இனி விரல் முளைக்குமா? சொல்லிடு தம்பி" என்றேன்.

வழக்கை வேறு வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணனையும் கோர்ட்டுக்கு வரச்சொல்லி, அவர் முன்னாலேயே கூண்டில் ஏறிச் சொன்னான். "சூப்பர்வைசர் கட்டச் சொன்ன கம்பிதான். வெட்டினதும் நான், கழுவினதும் நான்." அந்தப் பெண்ணின் வழக்கு ஜெயித்தது அந்தச் சாட்சியால்தான்.

கோர்ட் வராந்தாவில் என் வீட்டுக்காரர் இடது கையால் அவனை அறைந்தார். உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தார். அவன் தடுக்கவே இல்லை. பிறகு மொட்டைக் கையாலேயே அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்தி, வலி தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கப்போன என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கும் தெரியுமா?"

"ஒன்பது வருஷமா தெரியும்."

என்மேல் கை வைக்கவில்லை. நாலு அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

தினமும் காலையில் அவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போடுவேன். மறுநாள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, ஒற்றைக் கையால் தானே போட்டுக்கொண்டார். வெகுநேரம் ஆனது. நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.