விரல் நுழையும் துளை

பலா மரத்தை அறுக்கும்போது எழுகிற வாசனை பழத்தின் வாசனை அல்ல. புளிப்பும் ஈரமும் கலந்து தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மஞ்சள் வாசனை. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும், எங்காவது ஒரு தச்சுப் பட்டறையைக் கடக்கையில் அது மூக்கில் ஏறினால் என் தாடை தானாக இறுகிக்கொள்கிறது.

கந்தப்பளைக்கு மேலே, மேகம் கேட்காமல் கொள்ளாமல் லயத்து வரிசை வீடுகளுக்குள் வந்து படுத்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் ஒன்பது வயதுச் சிறுமி. அப்பா தோட்டத்துத் தச்சர், அம்மா கொழுந்தெடுப்பவள், தம்பி மாணிக்கம் எட்டு மாதக் குழந்தை. விடியலில் அம்மா ஆள்கணக்கெடுக்கும் "பெரட்டு"க்கு ஓடியதும், தம்பியை இடுப்பில் ஏற்றிப்போய்ப் "புள்ளக்காம்பரா"வில் விடுவது என் வேலை. மலைக்குப் போன பெண்களின் குழந்தைகளையெல்லாம் மாலைவரை போட்டுவைக்கும் ஒற்றை அறை அது. சாணி மெழுகிய மண்தரை. மழைக்காலத்தில் அந்தத் தரையே வியர்க்கும். சாயங்காலம் தம்பியைத் தூக்கினால் அவன் முதுகு தவளையின் வயிற்றைப்போலச் சில்லிட்டிருக்கும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ விசிலடிப்பது கேட்கும். தோட்டத்தைப் பார்க்க வந்த டாக்டர், மழைக்கு முன்னால் அங்கே பலகைத் தரை போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அளவெடுத்தது அப்பாதான். மஞ்சள் மஞ்சளாகப் பலாப் பலகைகள் வந்து தேயிலை ஆலையான "ஸ்டோரு"வின் கொட்டகையில் இறங்கின. கொழுந்து நிறுக்கப் போன அம்மா, யாரும் பார்க்காதபோது ஒரு பலகையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

அந்த வாரமே, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் படகும் வந்தது. கொழும்பில் யாரோ கழித்துக்கட்டிய பழைய பாய்மரப் படகு. நானுஓயாவரை ரயிலில், அப்புறம் இரண்டு மாட்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல். நுவரெலியா ஏரியில் மிதக்கவிடத் தொரைக்கு ஆசை. படகின் நடுவே இரண்டு பேர் ஒண்டிக்கொள்ளும் சின்ன அறை. அதன் தரைப்பலகைகள் உளுத்துப் போயிருந்தன. தொரை கொட்டகைக்குள் வந்தார், கைத்தடியால் எங்கள் பலகைகளைத் தட்டினார். அவ்வளவுதான், அவை படகுக்குப் போய்விட்டன.

"தண்ணியில மெதக்குற வீட்டுக்குக் காஞ்ச தரை, மண்ணுல கெடக்குற புள்ளைங்களுக்கு ஈரத் தரையா? நீங்க ஒரு வார்த்தை கேக்கலியா?" என்றாள் அம்மா.

"வேற பலகை வரும்னு கணக்கப்பிள்ளை ஐயா சொல்லியிருக்காரு."

"மழைகிட்டயும் சொல்லிட்டாராமா, அதுவரைக்கும் நில்லுன்னு?"

அப்பாவுக்குச் செய்ய வேண்டியிருந்தது, செய்தார் என்றால் நான் மன்னித்திருப்பேன். அவர் அந்த வேலையை ரசித்தார். பழைய பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, புதுப் பலகைமேல் வைத்துக் கோடு கிழித்து, படகின் வயிறு ஒடுங்குகிற இடத்தில் பலகையையும் ஒடுக்கி, தடவித் தடவி இழைத்தார். என் தம்பியை அவர் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை. பழைய பலகைகள் இரண்டில் விரல் நுழைகிற அளவுக்குத் துளை இருந்தது. ஸ்டோரு மாடியில் எலி ஓட்டை அடைத்தே காய்த்துப்போன கை அப்பாவுடையது. "பாத்தியா, படகுலயும் எலி பூந்திருக்கு!" என்று சிரித்தார். புதுப் பலகையில் அவர் துளை போடவில்லை. பழையதில் ஆணிகளையும் காணவில்லை. துருப்பிடித்து உதிர்ந்திருக்கும் என்று தானே முடிவுசெய்து, எல்லாப் பலகைகளையும் இடைவெளியில்லாமல் சேர்த்து அடித்து இறுக்கினார். தண்ணீரில் நிற்கும் படகை அவர் அதுவரை கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை.

எந்தப் பழைய படகிலும் அடியில் தண்ணீர் ஊறும். விரலைக் கொடுத்துப் பலகையைத் தூக்கி, தேங்கியதை இறைத்து வெளியே ஊற்றத்தான் அந்தத் துளைகள்; ஆணி அடிக்காமல் விட்டதும் அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளோடு ஏரியில் போன தொரைக்குத் தண்ணீர் ஊறியது தெரியவில்லை. அது பலகையின் விளிம்புகள் வழியே பொங்கி, தொரைசானியின் காலுறை நனைந்த பிறகுதான் தெரிந்தது. படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார்கள்.

மறுநாள் பெரட்டில், அத்தனை பேர் முன்னால், அப்பாவைத் தச்சு வேலையிலிருந்து எடுத்து "முள்ளுக்குத்து"க்கு, மலையில் மண் கிளறப் போடச் சொன்னார் தொரை. அதற்கு முன் கடைசியாக ஒரு வேலை: படகிலிருந்து பலகைகளைப் பிடுங்கி, பங்களா அடுப்புக்குத் துண்டு போட வேண்டும்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் போய் நின்றேன். "அப்பா, ஒண்ணே ஒண்ணு குடுங்க. இவன் படுக்கிற அகலம் போதும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "சத்தம் போடாத. தொரை பாத்துடுவாரு. போ."

அறுக்கத் தொடங்கினார். விறகுக்குக்கூடப் பென்சிலால் கோடு போட்டு, கோணாமல் அறுத்தார் அந்த மனிதர்.

அன்று மாலை பங்களாப் புகைக்கூண்டைப் பார்த்து அம்மா சொன்னாள்: "அந்தப் பொகையாச்சும் நம்ம பக்கம் வருதான்னு பாரு."

வரவில்லை. மழைதான் வந்தது. வேறு பலகை அந்த வருஷம் வரவில்லை. தம்பியின் நெஞ்சுக்குள் புகுந்த விசில் பிறகு வெளியேறவே இல்லை.

இப்போது தொரை இல்லை. பங்களா, வெளியூர்க்காரர்கள் தங்கிப்போகும் விடுதி. புள்ளக்காம்பராவுக்குச் சிமெந்துத் தரை போட்டுவிட்டார்கள். படகு எந்தக் கரையில் மக்கியதோ தெரியாது. அப்பா சாகும்வரை ஒன்றைத்தான் சொல்லிச் சொல்லி வருந்தினார்: "அந்த ஓட்டைய மட்டும் விட்டிருந்தா, தொரை என்னைய வச்சிருப்பாரு." ஓட்டைக்காக மட்டும்தான். பலகைக்காக ஒருநாளும் இல்லை.

போன மாதம் மாணிக்கத்தோடு ஏரிக்குப் போனேன். வாடகைப் படகில் ஏறி உட்கார்ந்ததும் கால் மாட்டில் பார்த்தேன்: பலகையில் ஒரு துளை. விரலைக் கொடுத்துத் தூக்கினேன்.

"ஏங்கம்மா, படகையே கழட்டுறீங்களா?" என்று படகுக்காரர் கத்தினார்.

"விடுக்கா," என்றான் மாணிக்கம், இரண்டு சொல்லுக்கு நடுவே ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு. "அப்பா பாவம்."

அடியில் தண்ணீர் இருந்தது. கறுத்து, குளிர்ந்து, சத்தமில்லாமல். நான் பலகையை மூடவில்லை.