ஏழாம் எண் கசடு

என் பெயரில் வந்த கட்டுரைகளில் ஒன்றை மட்டும் நான் திரும்ப எடுத்துப் படிப்பதில்லை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அந்தக் காலத்தில் இரும்பு உருக்கியதற்கான தடயங்களைப் பற்றியது அது. அதன் அட்டவணையில் ஏழாவது வரி இப்படி இருக்கும்: 'உலைச்சுவர் ஒட்டிய கசடு, மாடம்பாக்கம் ஏரி.' கசடு உண்மை. உலைச்சுவரும் உண்மை. ஏரி மட்டும் நான் குத்துமதிப்பாகப் போட்டது.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் நடத்துகிறேன். பாடம் நடத்துவது பிழைப்பு, பழைய இரும்பு கிறுக்கு. இந்தக் கிறுக்கைக் கேள்விப்பட்டுத்தான் டீச்சர் என்னைத் தேடி வந்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுபோகும் கைப்பையில் பதினொரு கசட்டுத் துண்டுகளைப் போட்டு எடுத்துவந்திருந்தார். இரும்பை உருக்கும்போது கல்லிலிருந்து பிரிந்து ஓடி உறைந்துபோகும் கழிவுதான் கசடு. கறுப்பாக, கனமாக இருக்கும். வெறுங்காலோடு நடப்பவர் திட்டுவதற்குத்தான் அது பூமியில் கிடக்கிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். டீச்சர் அதைப் பம்மலிலும், மாடம்பாக்கம் ஏரிக்கரையிலும், பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் அப்போது இருந்த காலி மைதானத்திலும் வருடக்கணக்கில் பொறுக்கியிருந்தார். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, உள்ளே இடத்தை எழுதிய துண்டுச்சீட்டு வைத்திருந்தார்.

எல்லாத் துண்டுகளிலும் ஒரு பக்கம் புதிதாக உடைந்திருந்தது. அறுக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, மீதிப் பாதி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

மாணவர்களுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்வது ஒன்று உண்டு. ஆய்வுப் பொருள் கைக்கு வந்ததும் அதன் மேலேயே ஒரு ஓரமாக வெள்ளைப் பெயிண்ட் தடவி, காய்ந்ததும் மையால் எண் எழுதிவிட வேண்டும், காகிதத்தை நம்பக் கூடாது. ஊருக்கு உபதேசம் செய்யும் நான், டீச்சரின் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மேற்குத் தாம்பரத்தில் என் தரைத்தள வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வாரம் வரவில்லை. மழை வந்தது. எங்கள் தெருவில் படகு போன அந்த வருடத்து மழை.

தண்ணீர் வடிந்து டின்னைத் திறந்தபோது சீட்டுகள் கூழாகியிருந்தன. சேற்றுக்கு நடுவே பதினொரு கறுப்புக் கட்டிகள். ஒன்றில் மட்டும் சுட்ட களிமண் விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இந்தப் பக்கம் பள்ளத்தை மண்ணடித்து மேடாக்காத மனை கிடையாது, கசடு எந்த லாரியிலும் ஏறி எங்கிருந்தும் வரும். ஆனால் உலையின் சுவரோடு, விளிம்பு மழுங்காமல் இருக்கும் துண்டு வெகுதூரம் வந்திருக்காது. அதை எடுத்த இடத்திலேயே உலை இருந்திருக்க வேண்டும், அதன் அடிப்பகுதி இன்னும் மண்ணுக்குள் இருக்கலாம். அப்படியென்றால் எடுத்த இடம் எது என்பதுதான் எல்லாமே.

டீச்சருக்கு ஒரு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை செய்தித்தாளில் பொத்திப் பொத்திச் சுற்றிக் கொடுத்ததை, முனைவர் பட்டம் வாங்கிய நான் கட்டிலுக்கு அடியில் ஊறப்போட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? உலோகத்தோடு இத்தனை வருடம் புழங்கியவனுக்குப் பார்த்தாலே தெரியாதா என்று ஒரு மிதப்பும் இருந்தது. துளைகளில் கரிய களிமண் அப்பியிருந்தவற்றை ஏரி என்று ஒதுக்கினேன். மற்றவற்றைப் பம்மல், பெருங்களத்தூர் என்று பிரித்தேன். நானே புது எண் போட்டேன், இந்த முறை ஒழுங்காக வெள்ளைப் பெயிண்டின் மேல். சுவர் ஒட்டிய துண்டு ஏழு ஆனது. கட்டுரை வெளிவந்தது, கல்லூரியில் சால்வை போட்டார்கள்.

டீச்சரிடம் பிரதியைக் கொடுத்தபோது, ஏரியில் எடுத்த எதிலும் களிமண் ஒட்டியிருந்ததாகத் தனக்கு ஞாபகம் இல்லையே என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரே முடித்துக்கொண்டார். "அப்போ அந்த உலையை நான் கண்ணால பாத்துடலாமா சார்?" என்று கேட்டார். பார்த்துவிடலாம் டீச்சர் என்றேன்.

அந்தக் கோடையிலேயே தேட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் இறங்கியதும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக ஷேர் ஆட்டோவில் மாடம்பாக்கம் போய், வெடித்த ஏரித் தரையில் குனிந்தபடியே நடப்பார். அடுத்த கோடையிலும் போனார். அதற்கடுத்த கோடையிலும் போனார்.

இதற்கிடையில் ஒரு விடுமுறை நாளில் நான் பழைய ஷூ ஒன்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மழையின்போது அதே கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூ. உள்ளே அதே கரிய களிமண் காய்ந்து அப்பியிருந்தது. அந்த ஷூ மாடம்பாக்கம் ஏரிக்குப் போனதே இல்லை. கசட்டின் மேல் இருந்தது ஏரி மண் இல்லை, என் வீட்டுக்குள் வந்த வெள்ளம் விட்டுப்போன சேறு. டின்னில் எது அடியில் கிடந்ததோ அதைத்தான் நான் ஏரி என்று எழுதியிருக்கிறேன்.

அன்றைக்காவது போன் செய்திருக்கலாம். அச்சில் வந்துவிட்டது, சால்வையும் போட்டாயிற்று, ஏரியாகவே இருந்தாலும் இருக்கலாமே என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். அப்போதுதான் பெருங்களத்தூர் மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். தினமும் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பொக்லைன் வந்தது. இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி எடுத்து லாரி லாரியாக மண்ணை அள்ளிப் போனார்கள். பிறகு தூண்கள், பிறகு மாடிகள், பிறகு பால்கனிகளில் துணி. நான் பஸ்ஸில் வலது பக்கம் உட்காருவதை விட்டுவிட்டு இடது பக்கம் உட்கார ஆரம்பித்தேன். என் பரிகாரம் அவ்வளவுதான்.

இந்த வருடம் டீச்சர் கூப்பிட்டார். முட்டி தேய்ந்துவிட்டதாம், மேடு பள்ளத்தில் நடக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஏரியில் வடக்கு ஓரம் மட்டும்தான் பாக்கி, தனக்குப் பதிலாக நான் நடந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். எதைத் தேட வேண்டும் என்று சரியாகச் சொல்வதற்காக, அந்த ஏழாம் எண் துண்டையும் எடுத்து வரச் சொன்னார்.

போனேன். மேசையில் ஏரியின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார், கையால் வரைந்தது. முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடந்து முடித்த ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் 'இல்லை' என்று எழுதியிருந்தார். எத்தனை 'இல்லை' என்று என்னால் பார்க்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டின், சேறு, ஷூ எல்லாம்.

டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். இரண்டு நடையாக ஊறுகாய் பாட்டில்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கசட்டுத் துண்டு, மூடியில் ஊர்ப்பெயர். பள்ளியில் இரவல் போன பாறை மாதிரிகள் எதுவும் திரும்பி வந்ததில்லையாம், அதனால் எதையும் முழுதாகக் கொடுப்பதில்லை என்று பழக்கமாம். ஒவ்வொன்றையும் சுத்தியால் உடைத்து, நல்ல பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மட்டமானதைத் தான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

என் துண்டை வாங்கி, உடைந்த பக்கத்தை ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்த்தார். ஆறாவது பாட்டிலில் இருந்தது தட்டாமல் முட்டாமல் போய் ஒட்டிக்கொண்டது. இடையில் ஒரு மயிரிழை கூடத் தெரியவில்லை. மூடியை என் பக்கம் திருப்பினார். பெருங்களத்தூர்.

"ஒரு போன் போதுமே சார். அஞ்சு நிமிஷ வேலை," என்றார்.

வெட்கமாக இருந்தது டீச்சர் என்று மென்று முழுங்கினேன்.

"அங்க கட்டடத்துக்குக் குழி தோண்டினாங்களே, அப்போ உங்களுக்கு இது தெரியுமா?"

பெருங்களத்தூர் என்று உறுதியாகத் தெரியாது, ஏரி இல்லையோ என்று சந்தேகம்தான் இருந்தது என்று ஆரம்பித்தேன். முப்பது வருடம் வகுப்பெடுத்த கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

"தெரியும் டீச்சர்," என்றேன்.

அவர் வரைபடத்தை நான்காக மடித்தார். திட்டியிருந்தால் தேவலை.

பத்திரிகைக்கு அனுப்ப ஒரு திருத்தக் கடிதம் எழுதி மறுவாரம் அவரிடம் காட்டினேன். வெள்ளத்தால் சீட்டுகள் அழிந்து தவறு நேர்ந்ததாகப் பூசி மெழுகியிருந்தேன். வெள்ளத்தை எதற்கு இழுக்கிறீர்கள், வெள்ளம் வடிந்த பிறகும் பாட்டில் இங்கேதானே இருந்தது என்று கேட்டார். அந்த வரியை அடித்துவிட்டு, ஊகித்து எழுதினேன், தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று எழுதி அவர் முன்னாலேயே அனுப்பினேன். ஏழாம் எண்ணை அவர் திருப்பித் தரவில்லை. இரண்டு பாதிகளையும் ரப்பர் பேண்ட் போட்டு அதே பாட்டிலில் வைத்து மூடினார்.

பிறகு, பெருங்களத்தூருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஆட்டோவில் போய் அந்த அடுக்குமாடி வாசலில் இறங்கினோம். காவலாளி பெரிய நோட்டை நீட்டி, யார் வீட்டுக்கு, என்ன விஷயம் என்று எழுதச் சொன்னார். உள்ளே கார்கள் நிற்கும் தரைத்தளத்தை டீச்சர் கம்பி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமென்ட் பூசிய வழவழப்பான தரை. நான் பேனாவைப் பிடித்தபடி, வீடு பார்க்க வந்தோம் என்று ஏதாவது கிறுக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் திரும்பாமலே சொன்னார். "இதையாவது கேட்டுட்டு எழுதுங்க சார்."

கேட்டேன். உலை இருந்த இடம் பார்க்க என்றார். அப்படியே எழுதினேன்.