கூட்டமணி

எங்கள் வீட்டில் அரசாங்கமும் எதிர்க்கட்சியும் ஒரே அடுக்களையில்தான் சாப்பிட்டன. பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை அம்மா. அவளுக்கு எதிராகச் சமரம் நடத்தப் புறப்பட்டவன் அங்கேயே பத்தாம் வகுப்பு படித்த அண்ணன். வேலைநிறுத்தத்துக்கு எங்கள் பக்கம் சமரம் என்று பேர். தொண்ணூறுகளில் மலையாளக் கரையிலிருக்கும் எங்கள் உதியன்குளங்கரையில் சமரம் இல்லாத மாதம் அபூர்வம். ஆனால் அண்ணனின் கோரிக்கை புதிது. பள்ளித் தலைவனை ஆசிரியர்கள் நியமிக்கக் கூடாது, பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சமரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் மந்திரிசபை கூடியது. போலீஸ்காரரான மாமாதான் உள்துறை. "ஒரு ஜீப்ப கொண்டு நிறுத்துனா போதும் அக்கா, ஒருத்தன் வாய் தொறக்க மாட்டான்" என்றார்.

"அடி வாங்குனா அவன் நாளைக்கு பெரிய நேதாவாக்கும்" என்றாள் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே.

அப்பா மட்டும், "பிள்ளைக கேக்கது ஓட்டுதானே, குடுத்தா என்ன?" என்றார்.

"குடுக்கலாம். பெறவு ஹெச்.எம்.மையும் ஓட்டுப் போட்டு எடுக்கணும்னு வருவினும்."



மறுநாள் முதல் பீரியடிலேயே ஊர்வலம் வந்துவிட்டது. "வித்யார்த்தி ஐக்கியம் சிந்தாபாத்!" வீட்டில் தமிழ் பேசும் அண்ணன் கோஷத்தை மலையாளத்தில்தான் போட்டான், தமிழில் போட்டால் அம்மாவை ஏசுகிற மாதிரி இருக்குமாம். ஏழாம் வகுப்பிலிருந்து நாங்களும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டோம். ஓட்டுரிமை கிடைக்காமல் கலையமாட்டோம் என்று அண்ணன் அறிவித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா வராந்தாவுக்கு வந்தாள். கையில் பிரம்பு இல்லை, வாசலில் ஜீப்பும் இல்லை. கூட்டத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு பியூனிடம் ஏதோ சொன்னாள். உடனே கூட்டமணி அடித்தது. பள்ளி விடும்போது நிறுத்தாமல் அடிக்கிற அதே மணி.

முற்றம் ஆர்ப்பரித்தது. பெருங்கடவிளை பஸ்ஸைப் பிடிக்கச் சிலர், குளத்துக்குச் சிலர் என்று பறந்தோம்.

"எலே, போவாதேயுங்கலே! ஒண்ணும் கிட்டல்ல!" என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான்.

"லீவு கிட்டியாச்சுல்லா!" என்றபடி நான் அவனைத் தாண்டி ஓடினேன்.

ராத்திரி அண்ணன் சோற்றைத் தொடவில்லை. அம்மா அவன் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்து, "தின்னு மக்கா" என்றாள். வெற்றிப் பரிசு என்று நினைத்தேன்.

"நாளைக்கும் சமரம் உண்டா?" என்று கேட்டேன். அண்ணன் நிமிராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மாதான் சொன்னாள்: "உண்டுன்னா, மணியும் உண்டு."

லீவு கொடுக்கிற அம்மாவும் அதை வாங்கித் தருகிற அண்ணனும் ஒரே வீட்டில் வாய்த்த என்னைப்போலக் கொடுத்துவைத்தவள் யார் என்று பூரித்துப்போனேன். ஜெயித்தவன் எதற்கு அழுகிறான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.