அஸெயில் என்ற சொல்

போர்நிறுத்தம் வந்த அடுத்த வருடம் புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்துக்கு நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, கொழும்பில் படித்த ஓர் இளம் ஆசிரியை இரண்டாவது ஆளாக வந்து சேரும்வரை.

ஒருநாள் பாடத்தில் 'அஸெயில்' என்ற வினைச்சொல் வந்தது. தாக்குவது என்று பொருள் சொன்னேன். அதோடு விடாமல், "செயில் எண்டால் கப்பல்பாய். முந்தி பாய்க்கப்பலிலைதானே வந்து அடிச்சவங்கள், அதிலையிருந்து வந்த சொல்" என்றேன். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள்.

அவர்களில் யாரோ அதைப் போய் அந்தப் புது ஆசிரியையிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அந்தச் சொல்லுக்கும் கப்பல்பாய்க்கும் தொடர்பில்லை. லத்தீனிலை குதிக்கிறது எண்ட சொல்லிலையிருந்து வந்தது. ஆளுக்கு மேலை பாயிறது. தாக்குதல் எண்டுற அசோல்ட்டுக்கும் அதே வேர்தான்."

தடித்த அகராதியை விரித்துக் காட்டினாள். நான் பார்க்கவில்லை.

"ஓம், எனக்கும் தெரியும்" என்றேன்.

அவள் யாழ்ப்பாண பஸ்ஸுக்குப் போன பிறகு அகராதி மேசையில் கிடந்தது. எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. முதல் பக்கத்தில் அவளுடைய தகப்பன் கையெழுத்தில் பிறந்தநாள் வாழ்த்து. என் புத்தகங்களோ இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போனவை. அகராதியை என் அலுமாரிக்குள் வைத்தேன்.

மறுநாள் கேட்டாள்: "அக்கா, என்ர டிக்சனரியைக் கண்டனீங்களோ?"

"இல்லையே."

அன்று பக்கத்து வகுப்பறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "உங்கட ரீச்சர் சொன்னது பிழையெண்டாலும் வடிவான பிழை. பாய் எண்டால் கப்பலிலையும் இருக்கு. பாய் எண்டால் ஆளுக்கு மேலை குதி எண்டும் வரும். தமிழிலை ரெண்டும் ஒரே சத்தம்தானே?" பிள்ளைகள் சிரித்தார்கள். என் பிழைகூட அவள் வாயில் அழகாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அகராதியை அவள் முன்னால் வைத்தேன்.

"நான்தான் கொண்டுபோனனான். பொய் சொல்லிப்போட்டன்."

அவள் அட்டையைத் தடவினாள். "கேட்டிருந்தால் தந்திருப்பனே, அக்கா."

அதன்பிறகு அகராதியைப் பொது மேசையில்தான் வைத்தாள். நான் தினமும் அதை எடுத்துச் சொல் பார்த்தேன்; ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. அடுத்த வருடம் அவள் மாற்றலாகிப் போனபோது பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு வந்தது நிம்மதிதான்.