மூணு டீம் கூப்பிடுது

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறியபோது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜரிகை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. "மூணு டீம் கூப்பிடுதுன்னு போடணுமா? சரிபா, போட்டுடறேன்" என்று போனில் யாரிடமோ சொன்னார். செய்தியைத் தட்டி அனுப்பியதும் போனைப் பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உடனே என் போன் அதிர்ந்தது. கூடைப்பந்து வீரர்கள் அணி மாறும் பருவம் அது. நான் உயிராக நினைக்கும் வீரரை இழுக்க மூன்று அணிகள் போட்டியாம். நான் தினமும் இணையத்தில் நம்பிப் படிக்கும் நிருபர் எழுதியிருந்தார். சற்றுமுன் பக்கத்தில் கேட்ட அதே சேதி. இவர்தான் அவர்!

"சார், நெஜமாவே போறாரா?" என் போனை அவர் முன் நீட்டினேன்.

"எங்க போறான்? ஒரு டீமும் கூப்பிடலபா. சம்பளத்த ஏத்த அவன் ஏஜென்ட் கெளப்பிவுட்டுக்கினு இருக்கான். நான் போடலன்னா அடுத்த சேதிய வேற ஆளுக்குக் குடுத்துடுவான்."

"அப்ப படிக்கிற நாங்க?"

"உங்கள யாருபா நம்பச் சொன்னது?" சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போனார்.

அந்த வீரர் பழைய அணியிலேயே கையெழுத்துப் போட்டார். ஊருக்கெல்லாம் பொய்யை எழுதியவர், முன்பின் தெரியாத எனக்கு மட்டும் ஏன் உண்மையைச் சொன்னார் என்று இன்றுவரை புரியவில்லை. அவர் எழுதுவதை மட்டும் நான் ஒருநாளும் படிக்காமல் விடுவதில்லை.